ஓடும் இயந்திரம், தேய்ந்த புரோப்

திகாம் பத்துவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வயிற்றில் அடிபட்டவர், சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சிறிது நேரத்திலேயே வந்து சேர்ந்துவிடுவார். சிக், பாலிங் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அடிபட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரை முதலில் பார்ப்பது மாவட்ட மருத்துவமனை. பெரிய அறுவை சிகிச்சை தேவை என்றால் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஆம்புலன்ஸ் ஓட்டம். அனுப்புவதா, எவ்வளவு அவசரமாக அனுப்புவது, உடன் யார் போவது என்பதையெல்லாம் முடிவு செய்வதில் கட்டிலருகே எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும் பங்கு உண்டு. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தால், அடிபட்டவர் விஷயத்தில் அதை ரத்தம் என்றே கொள்கிறோம். தெரியாவிட்டால் ரத்தம் கசியவில்லை என்று இருக்கலாம். அந்தப் பட்டையைக் காட்டும் திறனை புரோப் இழந்துவிட்டது என்றும் இருக்கலாம். ஸ்கேன் கருவிகளைப் பராமரிப்பதிலும் மாற்றுவதிலும் நாம் பின்பற்றும் வழக்கம், இந்த இரண்டாவது காரணத்துக்கு இடமே வைக்கவில்லை என்பதுதான் இவ்விதழில் நாம் முன்வைக்கும் குறை.

வழக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்பு சலுகை நிறுவனங்களின் பொறுப்பில் இருக்கிறது. கால அட்டவணைப்படி பி.பி.எம். எனும் திட்டமிட்ட தடுப்புப் பராமரிப்பு நடக்கிறது, மின்கசிவு சோதிக்கப்படுகிறது, ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. கருவி எத்தனை நாள் இயங்கியது, எத்தனை நாள் நின்றது என்ற கணக்கு உண்டு. பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்ற நிலை வந்ததும் பி.இ.ஆர். சான்றிதழ் கிடைக்கும், மாற்றுக் கருவிக்கான மனு அதன் பிறகுதான் வலுப்பெறும். வென்டிலேட்டருக்கும் உட்செலுத்து பம்புக்கும் இது ஓரளவு பொருந்தும், அவை பழுதானால் அலாரம் அடிக்கும், அல்லது நின்றுவிடும். அல்ட்ராசவுண்ட் அப்படி நிற்பதில்லை. திரை ஒளிரும், பொத்தான்கள் வேலை செய்யும், படமும் வரும். புரோபின் முகப்பில் வரிசையாக இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்படிகங்களில் சில செத்துப்போனாலும், லென்ஸ் உரிந்தாலும், கேபிளுக்குள் இழைகள் அறுந்தாலும், படத்தில் சற்று இருளும் சற்று இரைச்சலும் கூடுமே தவிர எச்சரிக்கை எதுவும் வராது. கெயினைக் கூட்டிப் பார்த்துவிட்டு, நோயாளியின் பருமன் மீதோ குடல் வாயு மீதோ நாம் பழியைப் போட்டுவிடுவோம்.

இது கற்பனை அச்சம் அல்ல. சுவீடனில் 32 மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டில் இருந்த 676 புரோப்களைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், 39.8 விழுக்காட்டில் குறை இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் நான்கு ஆண்டு தரக்கட்டுப்பாட்டு அனுபவத்தை 2011இல் வெளியிட்டபோது, ஆண்டுக்குச் சுமார் 14 விழுக்காடு புரோப்கள் பழுதாவதாகக் காட்டியது. காண்வெக்ஸ், லீனியர், ஃபேஸ்டு அர்ரே என மூன்று புரோப்கள் உள்ள ஓர் அவசரப் பிரிவுக்கு இந்த விகிதத்தைப் பொருத்திப் பாருங்கள். ஐந்தாண்டு முடிவில் மூன்றும் பழுதில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதுவும், பயிற்சி பெற்ற ஸ்கேன் தொழில்நுட்பர்கள் கவனமாகக் கையாளும் கருவிகளை வைத்து எடுத்த கணக்கு. அவசரப் பிரிவில் ஒரே கருவியை நிபுணரும், மருத்துவ அதிகாரியும், பயிற்சி மருத்துவரும், மருத்துவ உதவியாளரும் மாறி மாறி எடுக்கிறார்கள். கேபிள் தள்ளுவண்டிச் சக்கரத்தில் சிக்குகிறது. புரோப் கொக்கியிலிருந்து நழுவுகிறது. உற்பத்தியாளர் அனுமதிக்காத ஆல்கஹால் திரவத்தால் லென்ஸைத் துடைக்கிறோம். டிங்கி பரவும் மாதங்களில் பிளாஸ்மா கசிவைத் தேடி நெஞ்சையும் வயிற்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நம் விகிதம் மேயோவைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

எனவே, மாற்றும் முடிவை இயந்திரத்தின் வயதோடும் அதன் மரணத்தோடும் முடிச்சுப் போடுவதை விட்டு, ஒவ்வொரு புரோபின் படப் பதிவோடும் இணைக்க வேண்டும் என்கிறோம். வயதுக் கணக்கே தேவையில்லை என்று சொல்லவில்லை. ஐரோப்பியக் கதிரியல் சங்கம் 2014இல் சொன்ன அளவுகோல் எளிமையானது: ஐந்தாண்டு வரை புதியது, பத்து வரை நன்கு பராமரித்தால் போதும், பத்தைத் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும். மென்பொருள் ஆதரவு நின்றுபோன கருவியை மருத்துவமனை வலையமைப்பில் இணைப்பதில் உள்ள ஆபத்துக்காகவாவது அந்தப் பத்தாண்டு எல்லையை மதிக்கலாம். ஆனால் எட்டாம் ஆண்டில் நல்ல புரோப்களோடு இருக்கும் கருவியும், மூன்றாம் ஆண்டிலேயே காண்வெக்ஸ் கெட்டுப்போன கருவியும் அந்த அளவுகோலில் இடம் மாறித் தெரிகின்றன. நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியது பின்னது.

“இதையெல்லாம் சோதிக்க எங்களுக்கு நேரம் ஏது, ஃபாண்டம் வாங்கப் பணம் ஏது” என்ற எதிர்ப்பு நியாயமாகவே எழும். ஃபாண்டம் எனும் சோதனை மாதிரி தேவையில்லை. மேயோ அனுபவத்திலும் பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்தவை படத்தின் சீர்மையைப் பார்ப்பதும் புரோபைக் கண்ணால் பரிசோதிப்பதும்தான். ஜெல்லைத் துடைத்த உலர்ந்த புரோபைக் காற்றில் பிடித்தால் திரையின் மேல்பகுதியில் அடுக்கடுக்காக எதிரொலிப் பட்டைகள் வரும். அவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக இருக்க வேண்டும். செங்குத்தாக ஓர் இருண்ட கீற்று விழுந்தால் அங்கே படிகம் செத்திருக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு பேப்பர் கிளிப்பை முகப்பின் மேல் நகர்த்திப் பார்க்கலாம், செத்த இடத்தில் அதன் எதிரொலி மறையும். புரோப் வந்த நாளிலேயே இப்படி ஒரு படத்தைச் சேமித்து, மாதம் ஒருமுறை அதனோடு ஒப்பிட்டால் போதும். ஒரு புரோபுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இதயம் பார்க்கும் ஃபேஸ்டு அர்ரேயில் ஒவ்வொரு கோட்டையும் எல்லாப் படிகங்களும் சேர்ந்தே வரைவதால், குறை தனிக் கீற்றாகத் தெரியாமல் படம் முழுவதும் கரைந்துவிடும். அதற்கு மின்னணுச் சோதனைக் கருவி வேண்டும். அதை ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்க வேண்டியதில்லை, மாநிலத்துக்கு ஒன்று சுற்றி வந்தால் போதும்.

சோதனை பராமரிப்பு நிறுவனத்தின் வேலைதானே என்பது அடுத்த எதிர்ப்பு. பழுதுபார்ப்பது அவர்கள் வேலை, மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் இல்லை என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திடுவது நாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பொறியாளர் மின்கசிவைப் பார்த்துவிட்டுப் போவார். இடையில் புரோப் தரையில் விழுந்தது அன்று பணியில் இருந்தவருக்குத்தான் தெரியும். விழுந்ததைச் சொன்னவரிடம் விளக்கக் கடிதம் கேட்கும் பழக்கம் இருக்கும் வரை யாரும் சொல்லப்போவதில்லை என்பதையும் துறைத் தலைவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. உறை வெடித்த புரோபைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை: அதை முறையாகக் கிருமிநீக்கவும் முடியாது, மின்காப்பும் போயிருக்கும். படம் நன்றாக வந்தாலும் அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

கைபேசியில் செருகும் சிறு கருவிகள் வந்துவிட்டனவே, பெரியதை ஏன் பராமரிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கும், பேரிடர்க் களத்துக்கும், மாவட்ட மருத்துவமனையின் இரண்டாம் கருவியாகவும் அவை அருமையானவை. ஆனால் அவற்றின் புரோபும் விழும், தேயும், பேட்டரி சூடேறும், சிலவற்றுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சட்டைப் பையில் போய்விடும் கருவிக்குப் பராமரிப்பு அட்டவணை வைப்பது இன்னும் கடினம்.

பணமே இல்லை என்ற எதிர்ப்புக்கு நம் பதில் கொள்முதல் விவரக்குறிப்பில் இருக்கிறது. இப்போது புரோப்களை இயந்திரத்தின் உதிரியாக எழுதி வாங்குகிறோம். ஒரு புரோப் போனால் முழு இயந்திரமும் முடங்குகிறது, அல்லது குறையோடு ஓடுகிறது. ஒவ்வொரு புரோபையும் தனி எண்ணுள்ள சொத்தாகப் பதிவு செய்யலாம். விலைப்புள்ளி கேட்கும்போதே ஏழாண்டுக்கான மாற்றுப் புரோப் விலையையும் எழுதி வாங்கலாம். இயந்திரத்தின் விலைக்கு முன் ஒரு காண்வெக்ஸின் விலை சிறிது. மேசையில் வைக்கக் கீற்று விழுந்த படமும் இருந்தால் மனுவைத் தள்ளிவைப்பது கடினம். பெரிய மருத்துவமனை புதிது வாங்கும்போது பழையதைச் சிறிய மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கத்துக்கும் இதே நிபந்தனை வேண்டும்: அண்மைய காற்றுச் சோதனைப் படங்கள் உடன் வராத புரோபை, எந்த மாவட்ட மருத்துவமனையும் கையெழுத்திட்டு ஏற்கக் கூடாது.