பிள்ளைக்குச் சோறூட்டுவது யார்?

'மேன் புஷ் கார்ட்' (2005) படத்தை ரமின் பஹ்ரானி நேர்மையாகத்தான் எடுத்திருக்கிறார். விடியுமுன் மன்ஹாட்டன் சாலையில் காபி வண்டியை இழுத்துப்போகும் அகமதுவை மறக்க முடியாது. பாகிஸ்தானில் பாடகனாக இருந்தவன், மனைவி இறந்துவிட்டாள், மகன் மாமியார் வீட்டில். ஓயாமல் பாறை உருட்டும் கிரேக்கக் கதையின் சிசிபஸ் இவன் என்று விமர்சகர்கள் உருகினார்கள்.

சரி, இவன் பாறை உருட்டும் நேரத்தில் பிள்ளைக்குச் சோறூட்டுவது யார்? மாமியார்தான். மகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேரனை வளர்க்கும் அவளைப் படம் அவனுக்கு எதிரே நிற்பவளாகவே பார்க்கிறது. செத்த மனைவிக்கோ அவன் சோகத்துக்குக் காரணமாக இருப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

சோறூட்ட மாமியார் இல்லாத தாய்மார்களும் அதே நியூயார்க்கில் விற்கிறார்கள். ஈக்வடாரிலிருந்து வந்த பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சுரங்க ரயில் நிலையங்களில் மிட்டாய் விற்கிறார்கள். உணவு வண்டி உரிமங்களுக்கு 1983இல் உச்சவரம்பு வைத்த நகரம் அது. கள்ளச்சந்தையில் ஓர் உரிமத்துக்குப் பல ஆயிரம் டாலர். அவர்களிடம் ஏது? அகமதுவுக்காவது தனியாக நின்று அழ ஒரு வண்டி இருந்தது.

2019 நவம்பரில் பிராட்வே ஜங்ஷன் நிலையத்தில் சுர்ரோ பலகாரம் விற்ற ஒரு பெண்ணுக்குக் காவலர்கள் விலங்கு மாட்டினார்கள். அது நமக்குத் தெரியவந்தது, அவ்வழியே போன இன்னொரு பெண் கைபேசியில் பிடித்த சிறு காட்சியால்.