ஒலியொப்புமை சொற்பிறப்பாகுமா?

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1959 வரை பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், தம் கதைகளுக்கென மொழிகளையே படைத்தவர். அம்மொழிகளை ஆராயப் புகுவோர் சிலர், படைக்கப்பட்ட சொல்லொன்றைக் கண்டதும் அதனையொத்து ஒலிக்கும் உலகமொழிச் சொல்லொன்றைத் தேடியெடுத்து, அதுவே இதன் மூலம் எனத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர்.

'மோர்' என்னும் அடிச்சொல் இதற்குத் தக்க சான்றாகும். 'மோர்டோர்' என்ற நாட்டுப்பெயரைக் கொலையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லோடு இணைப்பர் ஒரு சாரார். மரணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு இணைப்பர் மற்றொரு சாரார். 'மோரியா' என்ற பெயரை ஆபிரகாம் மகனைப் பலியிடச் சென்ற விவிலிய மோரியாவோடு முடிச்சிடுவாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே போதுமெனின், தமிழர் பருகும் மோரும் இவ்வடிக்கு மூலமாகலாம். வெண்ணிற மோர் கருமைக்கு மூலமாவது எங்ஙனம்?

ஆம், அவ்வடியின் பொருள் கருமையே. 1930களின் பிற்பகுதியில் டோல்கீன் எழுதி, 1987இல் அவர்தம் மைந்தர் கிறிஸ்தோபரால் பதிப்பிக்கப்பெற்ற வேர்ச்சொற்றொகுப்பு இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது. மோர்டோர் 'கரிய நாடு'. அதன் ஈற்றிலுள்ள 'டோர்' நிலத்தைக் குறிப்பது. 'கல் நாடு' எனப் பொருள்படும் கோண்டோரிலும் அதுவே நிற்கின்றது. மோரியா 'கரும் பிளவு'. மோர்கோத் 'கரிய பகைவன்'. ஓரடி பல சொற்களில் ஒரே பொருளோடு ஒழுங்குற நிற்பதன்றோ சொற்பிறப்புக்குச் சான்று?

ஆசிரியர் புறமொழிகளிலிருந்து எதனையும் பெறவில்லையா என எதிர்வாதிகள் வினவலாம். பெற்றார், அதனை மறைக்கவுமில்லை. 'எயாரெண்டில்' என்ற பெயர் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்ததென 1967ஆம் ஆண்டுக் கடித வரைவொன்றில் அவரே கூறியுள்ளார். மோரியாவின் ஒலி ஸ்கண்டிநேவியக் கதையொன்றில் வரும் கோட்டைப் பெயரின் எதிரொலி என்பதையும் ஒப்புக்கொண்டு, விவிலிய மோரியாவோடு பொருட்டொடர்பு இல்லையென அக்கடிதத்திலேயே மறுத்துமுள்ளார். ஒலி ஆசிரியரின் செவிக்கு எட்டிய வழி அவரது வாழ்க்கை வரலாற்றின்பாற்படும். சொல்லின் பிறப்போ அது வாழும் மொழியின் அமைப்பின்பாற்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே அவர்தம் அடிப்படைத் தவறு.

இது கற்பனைமொழி பற்றிய வெறும் பொழுதுபோக்கு வழக்கன்று. படைத்தவரே வேரும் பொருளும் எழுதிவைத்த மொழியிலேயே ஒலிமயக்கத்தால் வழிதவறுவோர், எவரும் எழுதிவையாத இயற்கைமொழிகளின் தொன்மையை ஆராயும்போது எங்குச் சென்று வீழ்வர்? ஒப்புமை வினாவை எழுப்பலாம். விடை கூற வல்லது ஒழுங்கு ஒன்றே.