மரை தேய்ந்தால் மருந்துண்டு

"அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று ஊரார் ஒருவனைப் பரிகசிப்பதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். மனிதனுக்கு மரை கழன்றால் மருந்துண்டோ, அறியோம். மோட்டார் காருக்கு மரை தேய்ந்தால் நல்ல மருந்துண்டு. இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று செல்லும் நம் கரையோரத்தில் பழைய கார்களைப் பேணுதல் வெறும் பொழுதுபோக்கன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. 2020 மார்ச்சில் வந்த தடை தனியார் கார்களுக்கு நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே உள்ளதைக் காத்தலே குடும்பத்துக்குப் பொருந்தும் சிக்கனம்.

மொறிஸ் மைனரின் எஞ்சின் தலை வார்ப்பிரும்பு. அதன் மரை எளிதில் அழியாது. வொக்ஸ்வாகன் பீட்டிலின் தலையோ அலுமினியக் கலவை. அதில் பூட்டும் பிளக்கு 14 மி.மீ. விட்டமுள்ளது, புரிக்குப் புரி இடைவெளி 1.25 மி.மீ.; பற்றிக்கொள்வன சுமார் பத்துப் புரிகளே. எரியும் வாயுவின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 40 மடங்கு என்று கொண்டால், அச்சிறு பிளக்கை வெளியே தள்ளும் விசை 60 கிலோகிராம் எடைக்கு மேலாகும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மரை தேய்ந்த பிளக்கு துப்பாக்கிக் குண்டெனத் தெறிப்பதில் வியப்பென்ன?

மரை அழிவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அவசரம். ஓடிக் கொதித்த எஞ்சினில் பிளக்கைக் கழற்றினால், சூட்டில் மேலும் மென்மையுற்ற அலுமினியம் உருக்குடன் பிய்ந்து வரும். இரண்டாவது, அளவு மாறாட்டம். கால் அங்குல ஆணி 6.35 மி.மீ. ஆகும், அதனை 6 மி.மீ. துளைக்குள் வலிந்து திருகுவோர் உளர். மூன்றாவது, நம் கடற்காற்று. உப்பீரம் படிந்தவிடத்து உருக்கும் அலுமினியமும் ஒரு சிறு மின்கலமாகின்றன, அரிபடுவது அலுமினியமே. அங்கு தோன்றும் வெண்பொடி ஆணியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இனி மருந்து. தலையைக் கழற்றி மேசைமீது வைத்தல் நன்று. இன்றேல் சீவல்கள் சிலிண்டருக்குள் விழும். தேய்ந்த துளையைக் குறித்த அளவுக்குப் பெருப்பித்து, அதற்குரிய டெப்பினால் புதுமரை வெட்டுவர். டெப்பில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர், துருப்பிடியா உருக்குக் கம்பியாலான சுருளொன்றைத் திருகி இறக்கி, அதன் அடியிலுள்ள சிறு வாலை அகற்றுவர். சுருளின் உட்புறம் பழைய அளவு மரையாகவே அமையும். இம்முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமான எஞ்சின்களிற் பெரிதும் பயன்பட்டது. பசை கொண்டு அடைத்தல் இவ்விடத்துக்கு ஆகாது. சூடும் அமுக்கமும் அதனை விரைவில் வென்றுவிடும்.

சாய்ந்தமருதுக் கராஜ் ஒன்றில் முதிய மெக்கானிக் ஒருவர் இவ்வேலையைச் செய்யக் கண்டேன். "காக்கா, இது எத்தனை நாள் தாங்கும்?" என வினவினேன்.

"பழசை விடத் தாங்கும் சேர். விரலால பூட்டிப் பழகினாச் சரி" என்றார்.

அவர் கூற்றில் விஞ்ஞானம் உண்டு. சுருளின் வெளிவிட்டம் பெரிதாதலின், விசை அலுமினியத்தின் அகன்ற பரப்பிற் பரவுகின்றது. உராய்வைத் தாங்குவதோ உருக்கு. விரலாற் பூட்டுதற்கு அவர் கையாண்ட உபாயம் எளிது: பிளக்கின் தலையில் ஒரு துண்டு இறப்பர்க் குழாயைச் செருகிச் சுழற்றினார். மரை நேராகப் பிடித்தால் பிளக்கு இறங்கும். கோணலாயின் குழாய் வழுக்கி எச்சரிக்கும். இறுதி இறுக்கத்துக்கே சாவி.

புதுத்தலை வாங்கச் சொல்வோரிடம் பணத்தை நீட்டுமுன், துளையைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பில்லையெனில் ஒரு சிறு கம்பிச்சுருள் உங்கள் காரை மீண்டும் தெருவில் ஓடச் செய்யும்.