64 கிலோபைட் கற்பிக்கும் பாடம்

கணினி விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும், விளையாடுவது வேறு. விளையாட்டை ஆராய்ந்து மீண்டும் படைப்பது வேறு.

1989இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காகப் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை உருவாக்கினார். பின்னர்ப் பல கணினிகளுக்கும் அது சென்றது. 1982இல் வெளிவந்த கொமடோர் 64க்கு வரவில்லை. அக்கணினியின் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதனுள் அடங்காது.

2011இல் ஆர்வலர் ஒருவர் அக்குறையைத் தீர்த்தார். மெக்னர் மூல நிரலை வெளியிட்டதோ 2012இல்தான். எனவே, ஆப்பிள் பதிப்பையே பகுத்தாய்ந்து, அதன் இயக்கத்தை உணர்ந்து, கொமடோருக்கு ஏற்ப மாற்றியமைத்து, இலவசமாகவே வழங்கினார். தளை தட்டாமல் வெண்பா எழுத முயன்றவர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை புரியும். எல்லை குறுகும்போதுதான் சிந்தனை கூர்மை பெறுகிறது.

நாமோ மாணவர்களுக்கு விலையுயர்ந்த கருவிகளைத் தந்துவிட்டு, பொத்தானை அழுத்தக் கற்பிப்பதோடு நிறைவடைகிறோம். ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளை விளையாடும்போது "நிறுத்து" என்று அதட்டுமுன், "இஃது எப்படி இயங்குகிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, வெறும் பயனராக நின்றுவிடாது, படைப்பாளியாகவும் உயரும்.