பாதபீடத்தில் ஒரு பெயர்

கொல்லிமலையின் சோளக்காட்டுக்கு வருகிறவர்கள் பலாவும் மிளகும் வாங்கிக்கொண்டு, காட்சிமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போகிறார்கள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. செம்மேட்டில் சிலை இருக்கிறது. அது பிற்காலத்தார் மனத்தில் கண்ட முகம். அதனால்தானோ என்னவோ, அரசர்களை அருகிருந்து வரைந்த ஓவியர்கள்மேல் எனக்குத் தீராத பிரியம்.

அவர்களில் ஒருவர் பிசித்தர், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர். 1615–18 வாக்கில் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மணற்கடிகாரத்தையே சிம்மாசனமாக்கி அமர்ந்திருக்கிறார் ஜஹாங்கீர். தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த ஒளிவட்டம். வெண்தாடிச் சூஃபி பெரியவர் ஒருவருக்கு நூலொன்றை நீட்டுகிறார். பெரியவருக்குக் கீழே துருக்கி சுல்தான் காத்து நிற்கிறார். அவருக்கும் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். ஜேம்ஸை ஓவியர் கண்டதில்லை. அங்கிருந்து வந்த ஓர் உருவப்படத்தைப் பார்த்தே வரைந்திருக்கிறார்.

ஜேம்ஸுக்கு அடுத்தபடி, இடது கீழ்மூலையில், மஞ்சள் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையுமாக இன்னொருவர். பிசித்தரேதான். கையில் ஒரு சின்னஞ்சிறு படத்தைப் பிடித்திருக்கிறார். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அதற்குள் இரண்டு குதிரைகள், ஒரு யானை, குனிந்து வணங்கும் ஒரு மனிதர். அரசர் தந்த பரிசுகளும் அவற்றைப் பெற்ற தானும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கையெழுத்தை அவர் போட்டது அரசரின் பாதபீடத்தில்.

இதை அடிமைப் புத்தி என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பெயரைக் காலடியில் வைத்தவர், முகத்தை இரண்டு மன்னர்களின் வரிசையில் அல்லவா வைத்திருக்கிறார்! தனக்குக் கிடைத்ததைத் தன் கலைக்குள்ளேயே எழுதிவைப்பது நன்றி. தான் இருந்ததற்குச் சாட்சியும் அதுவே. எங்கள் மலையில் இந்த வழக்கம் இன்னும் பழையது. புறநானூற்று 153ஆம் பாட்டில் வன்பரணர், ஓரி இரப்போர்க்கு யானை கொடுத்ததைச் சொல்கிறார். அவன் கொடையைக் காணப் போன கூத்தர்களுக்குக் குளத்தில் பூக்காத குவளை கிடைத்தது: மணி பதித்து, வெள்ளி நாரில் தொடுத்த குவளை. யானைகளும் கிடைத்தன. பசி தீர்ந்த அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்களாம். ஓரியின் முகம் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் கை கிடைத்திருக்கிறது, அதைப் பாடியவரின் பெயரோடு.

பிசித்தர் மட்டும் பரிசுக்குப் பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஜஹாங்கீர் 1627இல் மறைந்தார். அடுத்து வந்த ஷாஜஹானின் வரலாறான பாதுஷாநாமாவிலும் இவர் வரைந்த பக்கங்கள் இருக்கின்றன.