குடும்ப வாகனம்: விலை வேறு, பெறுமதி வேறு

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, மூன்று வரிசை ஆசனங்கள் கொண்ட ஜீப் ஒன்றையோ வான் ஒன்றையோ வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள குடும்பங்களிடையே வலுப்பெற்றிருக்கின்றது.

இதனை வெறும் ஆடம்பர மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதியோரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகப் பயணிப்பது தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டுக்கும் பொதுவான வழக்கம். கதிர்காம யாத்திரை, உம்றாவுக்குச் செல்வோரைக் கட்டுநாயக்கவில் வழியனுப்புதல், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டு செல்லுதல் என எதற்கும் நீண்ட பாதையே எமக்கு விதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் இந்த வாகனங்களுக்காகச் செலவிடப்படுவது வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணமும், அடகு வைக்கப்பட்ட நகைகளும், நீண்டகால லீசிங் கடனுமாகும். ஆகவே எதை நம்பி வாங்குகின்றோம் என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தொட்டு நிற்கின்றது.

இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேலாகவே விற்கலாம் என்ற நிலையில், வாகனமும் தங்கத்தைப் போன்ற சேமிப்பாகக் கருதப்பட்டது. அது பொருள் கிடைக்காமையால் உண்டான விலையே அன்றி, பொருளின் தரத்தால் உண்டான விலையன்று. துறைமுகம் திறந்த பின்னரும் அந்தக் கணக்கைக் கொண்டு கடன்படுவது ஆபத்தானது.

புதிய இறக்குமதிகளின் விலையிலும் ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. 2025இல் இறக்குமதி அனுமதிக்கப்பட்டபோது சுங்க வரியும், அதன் மீது 50 சதவீத மேலதிகக் கட்டணமும், இயந்திரக் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரியும், 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் விதிக்கப்பட்டன. விலையுயர்ந்த வாகனங்களுக்கு ஆடம்பர வரியும் உண்டு. இதனால் நாம் செலுத்தும் தொகையில் பெரும்பங்கு வாகனத்துக்கு அன்றித் திறைசேரிக்கே போய்ச் சேருகின்றது. வரி ஓர் இயந்திரத்தின் ஆயுளை ஒரு நாளேனும் கூட்டுவதில்லை. விலை கூடியதெல்லாம் உறுதியானது என்ற நம்பிக்கை இங்கேயே ஆட்டம் காணுகின்றது.

அவ்வாறாயின் உறுதியை எதைக் கொண்டு அளப்பது? எமது மக்கள் 'டொல்பின்' என்று பெயரிட்டழைத்த பழைய டொயோட்டா ஹையேஸ் வான் இதற்கு நல்ல உதாரணம். அதன் டீசல் இயந்திரம் பழைய பொறிமுறைப் பம்பினால் இயங்குவது. சுமாரான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும். ஊர்க் கராஜிலேயே திருத்திவிடலாம். அதன் பின்வந்த கே.டி.எச். வான் வேகமும் வசதியும் கூடியது. ஆனால் அதன் 'கொமன் ரெயில்' டீசல் இயந்திரம் மிகுந்த அழுத்தத்தில் எரிபொருளைப் பாய்ச்சுவதால், நீரோ தூசியோ கலந்த டீசலை அதன் இன்ஜெக்டர்கள் தாங்குவதில்லை. பிராடோ ஜீப்பின் நவீன டீசல் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். பராமரிப்புப் பதிவில்லாத பெரிய டீசல் ஜீப்பை வாங்குவோர், இன்ஜெக்டர்களை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஏழு ஆசனங்கள் கொண்ட டொயோட்டா ரஷ் போன்றவை மறுபுறம் 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரம் உடையவை, செலவு குறைந்தவை, நிலத்திலிருந்து உயர்ந்து நிற்பவை. தோற்றத்தில் ஜீப்பாயினும் ரஷ் நான்கு சக்கர இழுவை கொண்டதன்று. இவ்வகை வாகனங்களின் மூன்றாம் வரிசை சிறுவர்களுக்கே பொருத்தமானது. ஏழு பேரும் ஏறிவிட்டால் பயணப் பொதிகளுக்கு இடம் இராது. ஏழு ஆசன வாகனத்தில் பதினொருவரை ஏற்றும் எமது வழக்கம், தடுப்புகளையும் டயர்களையும் மட்டுமன்றி உயிர்களையும் சோதிப்பதாகும்.

வர்த்தகப் பெயரை மட்டும் நம்புவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. ரஷ் வாகனத்தை டொயோட்டாவுக்காகத் தயாரிக்கும் டைஹட்சு நிறுவனக் குழுமம், 64 வகை வாகனங்களின் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு நிகழ்ந்திருந்ததை 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. டொயோட்டாவின் பெயரில் விற்பனையானவையும் அவற்றுள் அடங்கும். அவற்றில் பல பின்னர் மறுபரிசோதனையில் தேறின. ஆகவே அவை அனைத்தும் பழுதென்பது எமது வாதமன்று. பெயர் ஒன்றே உத்தரவாதமாகாது என்பதே எமது கருத்து.

எமது பிரதேசத்துக்கென்றே உரிய இரு சோதனைகளும் உண்டு. கல்லடி, காத்தான்குடி போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தவை. உப்புக்காற்று வாகனத்தின் அடிச்சட்டத்தையும் தடுப்புக் குழாய்களையும் அரித்துவிடும். மேற்பூச்சின் பளபளப்பு அதனை மறைத்துவிடும். வாகனத்தை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

மற்றையது வெள்ளம். மன்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரைப் போக்குவரத்து இலகுவானது உண்மையே. ஆயினும் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மழைக்காலத்தில் நீரில் மூழ்குவது வழமை. உயர்ந்த ஜீப் எந்த நீரையும் கடக்கும் என்பது தவறான நம்பிக்கை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துச் சென்று, மாணவர்கள் உள்ளிட்டோரின் உயிர்களைப் பறித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்களும் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விலைபேசப்படக்கூடும். ஆசனங்களின் அடியில் சேறு, பட்டிகளின் உட்புறத்தில் கறை, மின்கம்பி இணைப்புகளில் துரு, உள்ளே ஈரவாடை ஆகியன அதற்கான அடையாளங்களாகும்.

ஆவணங்களிலும் கவனம் வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனமாயின் அதன் ஏலத் தாளிலுள்ள ஓட்டத் தூரத்தை மீற்றரோடு ஒப்பிட வேண்டும். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். 'ஓபன் பேப்பர்' முறையில் கைமாறும் வாகனம் பின்னர் வழக்கையும் கொண்டுவரலாம்.

இறுதியாக வருவது குடும்பத்தின் வரவு செலவு. வட்டியோடு கூடிய லீசிங்காயினும், இஸ்லாமிய நிதி முறையிலான இஜாராவாயினும் மாதத் தவணை மாதத் தவணையே. அதன்மேல் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், எரிபொருள் என்பன உள்ளன. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டது. அடுத்த மாதம் அறிமுகமான கியூ.ஆர். முறையில் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வான் அதனைக் கொண்டு கொழும்பைக்கூட அடைந்திருக்க முடியாது. ஏழு ஆசனங்களும் நிரம்பும் நாட்கள் ஆண்டில் பத்தோ பன்னிரண்டோ என்றால், அந்நாட்களில் வாடகை வான் ஒன்றை அமர்த்தி, அன்றாடத் தேவைக்குச் சிறிய வாகனமொன்றை வைத்திருப்பதே சிக்கனம். வாரந்தோறும் நிரம்புமாயின், ஊரில் திருத்தக்கூடிய, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய வாகனமே அக்குடும்பத்துக்குப் பெறுமதியானது.

அரசாங்கத்துக்கும் இதில் பொறுப்புண்டு. வெள்ளத்தில் மூழ்கி இழப்பீடு பெற்ற வாகனங்களின் விபரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் இடம்பெறச் செய்தல் வேண்டும். வாங்குவோர் நியாயமான கட்டணத்தில் வாகனத்தைப் பரிசோதிக்கக்கூடிய சுயாதீன நிலையமொன்று கிழக்கில் அமைய வேண்டும். படுவான்கரைக்குச் சீரான பஸ் சேவையும், நோயாளர் அமர்ந்து செல்லக்கூடிய புகையிரத சேவையும் இருக்குமாயின், பல குடும்பங்கள் இக்கடனைச் சுமக்க வேண்டிய தேவையே எழாது. அதுவரை, வாங்குவோர் வாசலில் நிற்கும்போது வாகனம் தரும் மதிப்பைப் பாராமல், நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு அது வழியில் நிற்காமல் ஓடுமா என்பதையே பார்க்க வேண்டும்.