பக் வாங்கும் முன் மூக்கைப் பாருங்க மக்களே!

பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கணும்னா நம்ம ஆட்கள் கடைக்காரரை என்ன பாடு படுத்துவாங்க? பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சர்வீஸ் சென்டர் தென்காசியிலேயே இருக்கா இல்ல திருநெல்வேலிக்கு ஓடணுமா... போலீஸ் விசாரணை தோற்றுப் போகும். அதே ஆட்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கப் போற ஒரு உயிரை வாங்கும்போது கேட்கிறது ரெண்டே கேள்வி. "என்ன விலை? க்யூட்டா இருக்குமா?"

இந்த அலட்சியத்தோட விலையை வாங்குகிறவர் கட்டுவதில்லை. நாய் கட்டுகிறது.

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாடி பக் நாய் ஒன்று ஓடியது. 2007-ல் ஹட்ச் வோடஃபோன் ஆச்சு, கம்பெனிப் பெயரே போச்சு. ஆனா அந்த ஆசை மட்டும் போகலை. இன்னமும் பல வீடுகளில் அதுக்குப் பேரே 'ஹட்ச் நாய்'தான். இனத்தோட பெயர்கூட தெரியாம ஒரு இனத்தை வாங்குகிற கூத்து வேற எங்கே நடக்கும்?

சரி, அந்தச் சப்பை மூக்கு விஷயத்துக்கு வருவோம். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். பக்குக்கு முகத்தை நசுக்கி நசுக்கியே இனப்பெருக்கம் செய்துட்டாங்க. மூக்குத் துவாரம் குறுகல், தொண்டைக்குள்ள சதை அதிகம். மூச்சு விடுறதே போராட்டம். "எங்க பப்பி என்ன அழகா குறட்டை விடுது பாருங்க" என்று பெருமைப்படுகிறார்களே, பல நேரம் அது அழகு இல்லை சாமி, மூச்சுத் திணறல்.

பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மற்ற நாய்களைவிட பக்குகளுக்கு நோய் வர வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, உடல்நலக் கணக்கில் இதை இனி சாதாரண நாயாகவே கருத முடியாது என்றார்கள். அதுவும் லண்டன் குளிரில்! நம்ம தென்காசி சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடும்? சீசனில் குற்றாலச் சாரல் இருக்கேன்னு சொல்லாதீங்க. முகத்து மடிப்பில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் ஜன்னலை ஏத்திவிட்டு காருக்குள்ள நாயை விட்டுப் போனால், வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் அது அடுப்பு.

"என் காசு, என் நாய், ஏசி போட்டு வளர்ப்பேன், உனக்கென்ன?" என்று ஒரு கோஷ்டி கேட்கும். ஏசி மூக்கை நீட்டாது அய்யா. தவிர, ஒரு குட்டியை வாங்கும்போது அடுத்த குட்டிக்கும் ஆர்டர் கொடுக்கிறோம். டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும், முதல் வருஷ பாடம். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதியதும் இதுக்கு அப்படியே பொருந்தும். விற்பவனுக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அப்போ ஒழுங்கா வளர்க்கிறவனுக்கு விலை கட்டுப்படியாகாது, மட்டமா வளர்க்கிறவன் நிலைப்பான். இந்தச் சந்தையைத் திருத்த ஒரே வழி, வாங்குபவன் கேள்வி கேட்பது.

கேட்பதற்குச் சட்டமே துணை இருக்கு. 2017 மத்திய அரசு விதிகள்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கை, பக் உள்பட சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. உடனே வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கோர்ட் என்ன சொன்னாலும் பக்கின் மூச்சுக்குழல் மாறப் போறதில்லை.

"அப்போ நம்ம ராஜபாளையம் வாங்கிடுவோம்" என்று கிளம்பும் மானத் தமிழர்களும் கொஞ்சம் நில்லுங்க. 2005-ல் தபால்தலையே வெளியான இனம்தான், பக்கத்து ஊர்தான், பெருமைதான். ஆனா அது வேட்டை நாய். ரெண்டு ரூம் வாடகை வீட்டில் கட்டிப்போட்டால் அதுவும் கொடுமையே. வெள்ளை நிறத்துக்காகவே வளர்த்ததில் காது கேட்காத குட்டிகளும் பிறக்கும். ஊர்ப்பெருமை ஆராய்ச்சி ஆகாது.

சின்ன நாய்தான் வேணுமா? நாம 'பொமரேனியன்' என்று கூப்பிடுகிற இந்தியன் ஸ்பிட்ஸ் இருக்கு, மூக்கு நீளமா இருக்கும், இந்த வெயிலுக்குப் பழகினது. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி இருக்கு, விலையே கிடையாது. எதுவானாலும் தடுப்பூசி போடுங்க. விலைக்கு வாங்கினால் தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்க. தாய் மூச்சு எப்படி விடுதுன்னு ரெண்டு நிமிஷம் கவனிங்க. காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துடுங்க.

ஏற்கெனவே பக் வைத்திருப்பவர்கள் மேல் கோபம் இல்லை, அந்த நாய் மேல் சுத்தமா இல்லை. எடை ஏறாமல், வெயிலில் ஓடவிடாமல் கடைசிவரை பாருங்க. அடுத்த குட்டிக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அது போதும்.